காரின் முன் ஷொக்: கழற்றுவது எப்படி, இறுக்குவது எப்படி, ஏமாறாமல் இருப்பது எப்படி?

நான் மெக்கானிக் அல்ல. பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வு பெற்றவன். இருந்தும் காரின் ஷொக் அப்சோபரைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. சென்ற மாரி மழையில், கண்டியில் கண் கிளினிக் முடிந்து உம்மாவை ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை இறக்கத்தில் மாவனல்லைக்கு வந்துகொண்டிருந்தேன். ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தபோது முன்சக்கரம் வீதியைப் பிடிக்காமல் துள்ளியது. ஸ்டியரிங் கையில் உதறியது. எதிரே ஒரு பஸ். இறைவன் காப்பாற்றினான். உம்மா எதுவும் பேசவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும், "இனி நான் பஸ்ஸிலேயே போறேன் மகன்" என்றார்.

அந்தக் காருக்கு முன் ஷொக் இரண்டும் புதிதாகப் போட்டு மூன்று மாதங்கூட ஆகியிருக்கவில்லை. புதிய சாமானைப் போட்ட பிறகுதான் கார் மோசமானது. ஏன் அப்படி ஆனது என்று தேடிப் போனதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏன் இப்போது இது எல்லோருடைய பிரச்சினை?

2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பின்னரும் வரியோடு சேர்த்து வரும் விலையைப் பார்த்தால் நம்மில் பெரும்பாலானோருக்குப் புதிய வாகனம் கைக்கு எட்டாத தூரம். ஆகவே இருக்கிற பழைய காரையே ஓட்டுகிறோம். எஞ்சினுக்கு ஒயில் மாற்றுகிறோம், பெயின்ற் அடிக்கிறோம், சீற் கவர் போடுகிறோம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும் ஷொக்கை மட்டும் "சத்தம் வந்தால் பார்ப்போம்" என்று விட்டுவிடுகிறோம்.

என்னுடையது வாப்பா காலத்து டொயோட்டா கொரோலா டிஎக்ஸ் வேகன். நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கார் அது. 1979இல் ஜப்பானில் அறிமுகமான கொரோலா வரிசையைச் சேர்ந்தது. பின்சக்கரத்தால் ஓடுவது. இதன் முன் ஷொக்கின் அமைப்பு இன்றைய விட்ஸ், எக்சியோ போன்றவற்றிலிருந்து ஒரு முக்கியமான விடயத்தில் வேறுபட்டது. அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் இலகு.

இன்சேர்ட் என்றால் என்ன?

முன்சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒரே தூணாகச் சேர்ந்து நிற்கும் அமைப்பு ஏர்ல் மக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளரின் பெயரால் அழைக்கப்படுகிறது. பிரித்தானியாவில் ஃபோர்ட் நிறுவனம் 1950இல் வெளியிட்ட கொன்சல், செஃபயர் கார்களோடு அது பரவலானது. இன்று உலகின் பெரும்பாலான சிறிய கார்களின் முன்பக்கம் அந்த அமைப்பில்தான் இருக்கிறது.

இந்தத் தூணில் இரண்டு வகை உண்டு. புதிய கார்களில் தூண் முழுவதும் ஒரே அடைப்பு. பழுதானால் முழுத் தூணையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் பூட்ட வேண்டும். பழைய கார்களில், உதாரணமாக நமது டிஎக்ஸ் வேகனில், தூணின் வெளிக்குழாயும் சக்கரம் பூட்டும் அச்சும் ஒன்றாகச் சேர்ந்தவை. அந்தக் குழாயை எறிய முடியாது. அதன் வாயில் மரையோடு திருகப்பட்ட ஒரு பெரிய நட் இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே கம்பி, உட்குழாய், வால்வு, ஒயில் எல்லாம் இருக்கும். பழுதானால் அவற்றை வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் முழுதாக அடைக்கப்பட்ட ஒரு புதிய சிலிண்டரை இறக்கி, மேலே அந்த நட்டால் இறுக்கி மூடுவார்கள். அந்தச் சிலிண்டர்தான் இன்சேர்ட்.

பேனாவுக்கு ரீஃபில் போடுவதைப் போல என்று என் மாணவர்களுக்குச் சொல்லியிருப்பேன். ரீஃபில் நீளத்தில் கொஞ்சம் குறைந்தால் என்ன நடக்கும்? எழுதும்போது முனை உள்ளே போய் வரும். என் காரில் நடந்தது அதேதான்.

ஷொக் செய்யும் வேலை என்ன?

காரின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஷொக் அல்ல. பள்ளத்தில் விழுந்த ஸ்பிரிங் அமுங்கி எழும். எழுந்தது திரும்பவும் அமுங்கும். தனியே விட்டால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷொக். உள்ளே இருக்கும் பிஸ்டனின் சிறு துளைகள் வழியே ஒயில் நெருக்கப்பட்டுப் போகிறது. ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறி வெளியேறுகிறது.

ஆட்டம் அடங்கினால்தான் டயர் வீதியோடு ஒட்டியிருக்கும். டயர் வீதியைத் தொடாத கணத்தில் பிரேக்குக்கும் வேலை இல்லை, ஸ்டியரிங்குக்கும் வேலை இல்லை. ஆகவே ஷொக் என்பது சொகுசுக்கான சாமான் என்று நினைப்பது பெரிய தவறு. அது பிரேக்கின் ஒரு பகுதி என்றே சொல்லலாம்.

பழுதடைந்ததை எப்படி அறியலாம்? ஷொக்கின் உடம்பில் ஒயில் வழிந்து புழுதி ஒட்டியிருக்கும். பிரேக் போடும்போது கார் மூக்கைக் குத்தும். டயரின் ஓரத்தைக் கையால் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கும். பொனட்டை அமுக்கிவிட்டுப் பார்க்கும் பழைய முறையும் உண்டு. ஒரு தடவைக்கு மேல் ஆடினால் ஷொக் போய்விட்டது என்று அர்த்தம். ஆனால் ஆடவில்லை என்பதால் மட்டும் நல்லது என்று முடிவு செய்துவிட வேண்டாம்.

என் காரில் நடந்தது

ஒயில் ஒழுகியதால் ஒரு கராஜில் கொடுத்து இரண்டு பக்கமும் இன்சேர்ட் மாற்றினேன். காலையில் கொடுத்து மதியம் எடுத்தேன். அன்றைக்கே சிறிய பள்ளங்களில் இடதுபக்கம் "டொக், டொக்" என்று ஒரு சத்தம். திரும்பப் போனேன். "புது ஷொக், கொஞ்ச நாள் ஓடினால் சரியாகும்" என்றார்கள். ஆகவில்லை. போல் ஜொய்ன்ட் மாற்றினார்கள். பிறகு லோவர் ஆம் புஷ். பிறகு மேலே இருக்கும் மவுன்ட். ஒவ்வொன்றுக்கும் காசு கொடுத்தேன். சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. அதன் பிறகுதான் கடுகண்ணாவைச் சம்பவம்.

அடுத்த நாள் எங்கள் ஊரில் வீட்டோடு சிறிய கராஜ் வைத்திருக்கும் வயதான நானா ஒருவரிடம் போனேன். அவருடைய இடது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை. சின்ன வயதில் ஸ்பிரிங்கைக் கயிற்றால் கட்டி ஷொக் கழற்றப் போய் இழந்தது என்று பிறகு சொன்னார். என் கதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி.

"சேர், சத்தம் ஷொக் போடுறதுக்கு முன்னயா பின்னயா?"

"பின்னாடிதான் நானா."

"அப்ப கடைசியாக் கை வச்ச இடத்தத்தானே முதல்ல பார்க்கணும்? ஏன் மத்ததெல்லாம் மாத்தினீங்க?"

விஞ்ஞான ஆசிரியருக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அன்று முழுவதும் அவரோடு நின்று வேலையைப் பார்த்தேன், முடிந்த இடத்தில் கையும் கொடுத்தேன். இனி அவர் செய்த ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

கழற்றும் ஒழுங்கு

முதலில் சமதளமான இடம். ஹேண்ட் பிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார். சக்கர நட்களைக் கார் நிலத்தில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டுப் பிறகுதான் ஜெக் போட்டார். உயர்த்தியவுடன் சேசியின் பலமான இடத்தில் இரும்பு ஸ்டாண்ட் இரண்டு வைத்து அதன்மேல் காரை இறக்கினார். ஜெக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே கை நீட்டக்கூடாது. சீமெந்துக் கல்லை அடுக்கி வைப்பதும் கூடாது. அந்தக் கல் வெடித்தால் முன்னறிவிப்பு இருக்காது.

சக்கரத்தை எடுத்தபின் பிரேக். பிரேக் ஹோஸ் தூணோடு பிடிக்கப்பட்டிருக்கும் இடத்தை விடுவிக்க வேண்டும். கலிப்பரைக் கழற்றினால் அதைக் கம்பியால் மேலே கட்டித் தொங்கவிட வேண்டும். ஹோஸில் தொங்கவிட்டால் உள்ளே கிழியும், வெளியே தெரியாது. பிரேக் குழாயைத் திறக்க நேர்ந்தால், வேலை முடிந்ததும் காற்றெடுக்காமல் காரை அசைக்கவே கூடாது.

அடுத்து கீழ்ப்பக்கம். டிஎக்ஸ் வேகனில் தூணின் அடி, ஸ்டியரிங் ஆமோடு கீழிருந்து வரும் இரண்டு போல்ட்களால் பூட்டப்பட்டிருக்கிறது. போல்ட் இரண்டையும் எடுத்த பிறகும் அது இலேசாக வராது. காரணம், அந்தத் துளைகளைச் சுற்றி ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் உயரத்துக்கு ஒரு கழுத்து மேலே நீட்டிக்கொண்டு தூணுக்குள் அமர்ந்திருக்கிறது. லோவர் ஆமைக் கீழ்நோக்கி அமுக்கினால்தான் அது விடுபடும். தெரியாதவர்கள் இந்த இடத்தில் சுத்தியலால் அடிப்பார்கள்.

பிறகு பொனட்டைத் திறந்து மேற்பக்கம். மவுன்டைச் சுற்றிச் சிறிய நட்கள் இருக்கும். நடுவில் ஒரு பெரிய நட் இருக்கும். சுற்றியுள்ளவற்றை மட்டும் கழற்ற வேண்டும். நடுவில் இருப்பதைத் தொடவே கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைத்திருப்பதென்றால் இதை வைத்திருங்கள். அமுங்கி நிற்கும் ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அந்த நடு நட் மட்டுமே. அதைத் திறந்தால் ஸ்பிரிங்கும் மவுன்டும் ஆளின் முகத்துக்கு நேரே பாயும்.

ஸ்பிரிங்: உயிரோடு விளையாடும் இடம்

தூணை வெளியே எடுத்த பிறகு ஸ்பிரிங்கை அமுக்க வேண்டும். அதற்கென்று ஸ்பிரிங் கம்பிரஷர் என்ற கருவி உண்டு. நீளமான மரைத் தண்டும் இரண்டு பக்கமும் கொக்கியும் கொண்டது. சோடியாகத்தான் பாவிக்க வேண்டும். ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, இந்தப் பக்கம் சில சுற்று, அந்தப் பக்கம் சில சுற்று என்று மாறி மாறி இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் ஸ்பிரிங் வில்லாக வளைந்து கொக்கியை விட்டு வழுக்கும். ஸ்பிரிங் இரண்டு பீடங்களுக்கும் இடையே கையால் அசைக்கும் அளவுக்குத் தளர்ந்த பிறகுதான் நடு நட்டைத் திறக்கலாம். அப்போதும் தலை அதற்கு நேரே இருக்கக்கூடாது.

கயிறு, கட்டுக்கம்பி, செயின் எல்லாம் போட்டு இந்த வேலையைச் செய்யும் கராஜ்கள் இன்னும் இருக்கின்றன. நானா தன் கையைக் காட்டிச் சொன்னார்: "கயிறு எனக்கு ரெண்டு விரல எடுத்துப்போட்டு விட்டுச்சு. மத்தவனுக்கு எத எடுக்கும்னு யாருக்குத் தெரியும்?" அவரிடம் வேலை பழகும் பொடியன்களுக்கு அந்தக் கருவியை மாட்டியபின் அவர் வந்து பார்க்கும்வரை நட்டில் கை வைக்க அனுமதி இல்லை.

நடு நட் வந்ததும் மவுன்ட், பெயரிங், மேல் பீடம், றப்பர், ஸ்பிரிங், தூசிக் கவர் என்று வந்த ஒழுங்கிலேயே பத்திரிகைத் தாளில் அடுக்கி வைத்தோம். பூட்டும்போது அந்த வரிசையைப் பின்னாலிருந்து படித்தால் போதும்.

மூடி நட்டும் உள்ளே கிடந்த உண்மையும்

இப்போது குழாயின் வாயில் இருக்கும் பெரிய நட் தெரிந்தது. நானா கம்பியை மேலே இழுத்துப் பிடித்து ஆட்டிக் காட்டினார். "டொக், டொக்." மூன்று மாதமாக என்னைச் சித்திரவதை செய்த அதே சத்தம்.

பழைய கார்களில் இந்த நட் துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும். கம்பித் தூரிகையால் மரையைச் சுத்தம் செய்து, துரு இளக்கும் ஒயில் விட்டு ஓரிரவு விட்டுவிடுவது நல்லது. குழாயின் உடம்பை வைஸில் நெரித்துப் பிடிக்கக்கூடாது. சிறிது நசுங்கினாலும் பிறகு இன்சேர்ட் உள்ளே இறங்காது. அடியில் இருக்கும் பலமான பாகத்தைப் பிடிக்க வேண்டும். நட் வரவில்லை என்று காஸ் சுடரால் சூடாக்குவதும் ஆபத்து. உள்ளே ஒயில் இருக்கிறது. போகும் வழி இல்லாமல் அடைபட்ட ஒயிலைச் சூடாக்கினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இன்னொன்று: பளபளப்பான கம்பியைப் பிளையரால் பிடிக்கவே கூடாது. அதில் விழும் ஒரு கீறல், உள்ளே இருக்கும் ஒயில் சீலை ஒவ்வொரு அசைவிலும் அறுத்துக்கொண்டே இருக்கும்.

என் காரின் நட் புதியது, இலேசாக வந்தது. நானா கையை நிறுத்தி என்னைப் பார்க்கச் சொன்னார். நட் குழாயின் விளிம்பில் போய் முட்டி நின்றிருந்தது. அது இறுகியிருந்தது உண்மை. ஆனால் இறுகியது குழாயோடு. உள்ளே இருந்த இன்சேர்ட்டின் தலையை அது தொடவே இல்லை. அளந்து பார்த்தால் 6 மில்லிமீற்றர் வெளி. ஒவ்வொரு பள்ளத்திலும் இன்சேர்ட் அந்த வெளிக்குள் மேலும் கீழும் அடித்துக்கொண்டிருந்தது. அந்த 6 மில்லிமீற்றருக்குச் சக்கரம் எந்தத் தடையும் இல்லாமல் ஆடியது. மழையில் துள்ளியதற்குக் காரணம் அதுதான்.

இன்சேர்ட் பல மொடல்களுக்குப் பொருந்தும்படி செய்யப்படுவதுண்டு. குழாயின் ஆழம் காருக்குக் கார் வேறுபடும் என்பதால் சில பெட்டிகளில் அடியில் போடுவதற்கு ஒரு இரும்பு வளையமும் வரும். எனக்குப் போட்டவர்கள் அதைப் போடாமல் விட்டார்களா, அல்லது வேறு மொடலுக்குரிய இன்சேர்ட்டைப் போட்டார்களா என்பது இனித் தெரியப்போவதில்லை. பெட்டியை நான் கேட்டு வாங்கவும் இல்லை.

சரியாக இறுக்குவது எப்படி?

பழைய ஒயிலைக் கானில் ஊற்றாமல் போத்தலில் எடுத்து வைத்தோம். குழாயின் உள்ளே மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்தோம். அடியில் ஒரு துண்டு துருவோ மணலோ கிடந்தால் இன்சேர்ட் சாய்ந்து நிற்கும்.

பிறகு இன்சேர்ட்டை வெறுமனே இறக்கி நட்டைக் கையால் திருகிப் பார்க்க வேண்டும். விதி இதுதான்: நட் முதலில் இன்சேர்ட்டின் தலையில் முட்ட வேண்டும், குழாயின் விளிம்பில் அல்ல. விளிம்பில் முட்டினால் அடியில் வளையம் தேவை. மறுபக்கமாக, இன்சேர்ட் அளவுக்கு மிஞ்சி உயர்ந்து நின்று நட்டின் மரை சில சுற்று மட்டுமே ஏறினால் அதுவும் பிழை. மரை அறுந்து போகலாம். நானா சாதாரண வொஷர்களை அடுக்கச் சம்மதிக்கவில்லை. அவை காலப்போக்கில் நசுங்கி மறுபடியும் வெளி உண்டாகும் என்றார். லேத் கடையில் அளவு கொடுத்து, குழாயின் அடியில் சரியாக அமரும் ஒரு முழு இரும்பு வட்டு கடைந்து எடுத்தோம். ஒரு பழைய காருக்கு இரண்டு மாதமாக நான் செலவழித்த காசோடு பார்த்தால் அந்த வட்டின் விலை ஒன்றுமே இல்லை.

குழாய்க்கும் இன்சேர்ட்டுக்கும் இடையே சிறிது எஞ்சின் ஒயில் விட்டார். இதை வீண் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. இன்சேர்ட்டில் உண்டாகும் வெப்பம் வெளிக்குழாய்க்குப் போய்ச் சேர ஒரு பாலம் வேண்டும். இடையில் காற்று மட்டும் இருந்தால் வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். ஒயில் துருவையும் தடுக்கும். ஆனால் வாய்வரை நிரப்பக்கூடாது. சூட்டில் ஒயில் விரியும், அதற்கு மேலே இடம் வேண்டும். இன்சேர்ட் இறங்கிய பின் விளிம்புக்குச் சில சென்ரிமீற்றர் கீழே நின்றால் போதும்.

புதிய இன்சேர்ட்டைப் பூட்டுமுன் நிமிர்த்திப் பிடித்து, கம்பியை நான்கைந்து தடவை முழுதாக அமுக்கி இழுக்க வேண்டும். படுத்த நிலையில் கடையில் கிடந்தபோது உள்ளே சேர்ந்த காற்று அப்போதுதான் வெளியேறும்.

நட் புதியதாக இருக்க வேண்டும். பெரும்பாலும் பெட்டியிலேயே வரும். இறுக்கும் அளவு அதோடு வரும் தாளில் இருக்கும். டோர்க் ரெஞ்சால் அந்த அளவுக்கு இறுக்க வேண்டும். "கை அளவு தெரியும்" என்பது இங்கே போதாது. ஒருவர் கைக்கு இறுக்கமானது இன்னொருவர் கைக்குத் தளர்வு.

இறுக்கியபின் நானா கம்பியைப் பிடித்து மறுபடி ஆட்டினார். சத்தம் இல்லை. மற்றப் பக்கத்தையும் திறந்து பார்த்தோம். அங்கேயும் அதே 6 மில்லிமீற்றர். வலதுபக்கம் சத்தம் போடாமல் அதே பிழையைச் செய்துகொண்டிருந்தது.

திரும்பப் பூட்டும்போது

கம்பியை முழுதாக மேலே இழுத்துவிட்டு, தாளில் அடுக்கிய ஒழுங்கில் ஒவ்வொன்றாக ஏற்றினோம். ஸ்பிரிங்கின் நுனி, கீழ்ப் பீடத்தில் அதற்கென்று இருக்கும் தடுப்பில் போய் அமர வேண்டும். தள்ளி அமர்ந்தால் ஸ்டியரிங் திருப்பும்போது ஸ்பிரிங் "டங்" என்று துள்ளும். மேல் பெயரிங்குக்குப் புதிய கிறீஸ். நடு நட் தானாகக் கழராத வகையைச் சேர்ந்தது. பழையதைத் திரும்பப் போடாமல் புதியதே போட வேண்டும். அது முழுதாக ஏறிய பிறகுதான் கம்பிரஷரைத் தளர்த்த வேண்டும், அதுவும் மாறி மாறி.

தூணைக் காரில் ஏற்றி, மேல் நட்கள், கீழ் போல்ட் இரண்டு, பிரேக் ஹோஸ் முறுக்கில்லாமல் அதன் இடத்தில், சக்கர நட்கள் குறுக்குக் குறுக்காக. பிறகு ஓடவிடுமுன் பிரேக்கை நிறுத்தி வைத்த நிலையிலேயே பல தடவை மிதித்துப் பார்க்க வேண்டும். பெடல் உறுதியாக நிற்காமல் உள்ளே போனால் காரை எடுக்கக்கூடாது. அன்றோ மறுநாளோ வீல் அலைன்மென்ற் பார்க்க வேண்டும். சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் எல்லா நட்களையும் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். ஷொக் மாற்றும்போது ஒரு பக்கம் மட்டும் மாற்றக்கூடாது. முன் இரண்டும் சோடியாக. ஒரு கால் பலமாகவும் மறுகால் தளர்வாகவும் நடப்பவரை நினைத்துப் பாருங்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்

இதைப் படித்துவிட்டு நாளைக்கே முற்றத்தில் ஜெக் போட்டு இறங்கச் சொல்லவில்லை. ஸ்பிரிங் கம்பிரஷரும் ஸ்டாண்டும் இல்லாதவர் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். ஆனால் கராஜில் நின்று என்ன கேட்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கலாம்.

வாங்கும் இன்சேர்ட்டின் பெட்டியைக் கேளுங்கள். அதிலுள்ள இலக்கம் உங்கள் மொடலுக்குரியதா என்று கடையிலேயே பாருங்கள். பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் ஊர்க் கடையில் வாங்கினாலும், கம்பியில் கீறலும் உடம்பில் புதுப் பெயின்றும் இருந்தால் யோசியுங்கள். பழையதைக் கழுவிப் பெயின்ற் அடித்தால் அது புதியதாகாது. பெட்டியில் இருந்த வளையம், நட் எல்லாம் பூட்டப்பட்டதா என்று கேளுங்கள். கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். ஸ்பிரிங்கை எதனால் அமுக்குகிறார்கள் என்று பாருங்கள். கயிற்றைக் கண்டால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். உங்கள் காருக்காக மட்டும் சொல்லவில்லை, அங்கே வேலை பழகும் பொடியனின் கைக்காகவும் சொல்கிறேன்.

கராஜ் வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளருக்கு உள்ளே நடப்பது தெரியாது. நட்டை எதன்மேல் இறுக்கினீர்கள் என்பதை உங்களைத் தவிர வேறு எவரும் பார்க்கப் போவதில்லை. அந்த இடத்தில்தான் உங்கள் தொழிலின் நாணயம் இருக்கிறது. மூடுவதற்கு முன் கம்பியைப் பிடித்து ஒரு தடவை ஆட்டிப் பார்க்க எத்தனை விநாடி போகும்?

அன்று கூலியாக நானா கேட்டதற்குக் கூடுதலாகக் கொடுத்தேன். மேலதிகத்தைத் திருப்பித் தந்துவிட்டார். அடுத்த கிளினிக் நாளில் உம்மாவைக் கெஞ்சித்தான் காரில் ஏற்றினேன். இறங்கி வரும்போது கடுகண்ணாவையில் மழையும் பெய்தது. அதே வளைவில் பிரேக்கை மிதித்தேன். கார் தலையைக் குனிந்து அப்படியே நின்றது. உம்மா பின்சீற்றில் நல்ல தூக்கத்தில் இருந்தார்.